புதிதாகப் பட்டம் பெற்ற தாதி, அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு விண்ணப்பிப்பது: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

பொகவந்தலாவை மழை

அனைவருக்கும் வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியியல் பட்டப்படிப்பை முடித்து, இறுதிப் பெறுபேறும் வெளியான நிலையில் இதை எழுதுகிறேன். என் கணவருக்குக் கிரீன் கார்ட் லொத்தரில் பெயர் விழுந்திருக்கிறது. தூதரக நேர்முகத்துக்கு இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. விசா கிடைத்தால் அது ஆகக்கூடியது ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், அதற்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். அங்குள்ள உறவினர் ஒருவர், புதிதாகப் படித்து முடித்த தாதியரை வைத்தியசாலைகள் ரெசிடென்சி என்ற ஒரு வருடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன, அதற்கு இப்போதே ஆயத்தமாகு என்கிறார். ரெசிடென்சி என்றால் வைத்தியர்கள் செய்வது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இது சம்பளமுள்ள வேலையா, இன்னொரு படிப்பா? கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். புறப்படும் வரை அங்கே வேலை செய்துவிட்டுப் போனால் என் விண்ணப்பத்துக்குப் பலம் கூடுமா? விண்ணப்பக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தின் தொடக்கத்தைத் தமிழில் தருகிறேன்: "சிறு வயது முதலே பிறருக்குச் சேவை செய்யும் ஆர்வம் கொண்ட நான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்து, பல இன்னல்களுக்கு மத்தியில் கல்வி கற்று, அர்ப்பணிப்புள்ள தாதியாக உருவாகியுள்ளேன்." இது போதுமா?

தலவாக்கலை அக்கா

வாழ்த்துகள் தங்கச்சி. நான் அமெரிக்காவுக்கு வந்து ஒன்பது வருடங்களாகின்றன. இங்கே ஒரு ரெசிடென்சியில் ஒரு வருடம் இருந்து, இப்போது அதே வாட்டில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழக்கிக் கொடுப்பவளாக வேலை செய்கிறேன். அப்படிப்பட்டவரை இங்கே பிரிசெப்டர் என்பார்கள்.

வைத்தியர்களின் ரெசிடென்சிக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இது முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளமுள்ள தாதி வேலைதான், முடிவில் பட்டமோ டிப்ளோமாவோ கிடைக்காது. முதலில் பிரிசெப்டரோடு சேர்ந்து நோயாளரைப் பார்க்க வேண்டும். சாதாரண வாட்டில் இது இரண்டு மூன்று மாதங்கள் நீடிக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னும் கூடும். அதன் பிறகு தனியாக நோயாளரைப் பொறுப்பேற்பீர்கள், ஆனாலும் ஆண்டு முழுவதும் மாதமொரு முறை உங்களோடு சேர்ந்தவர்கள் அனைவரையும் ஒரு வகுப்பில் உட்கார வைத்து, அந்த மாதம் நடந்ததைப் பேச வைப்பார்கள். பல இடங்களில் இறுதியில் சிறிய ஆய்வுச் செயற்திட்டம் ஒன்றும் உண்டு. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கான இத்தகைய பெரிய கூட்டுத் திட்டமொன்றை, இன்று விசியன்ட் எனப்படும் அமைப்பும் அமெரிக்கத் தாதியர் கல்லூரிகள் சங்கமும் 2002 இல் தொடங்கின. 2010 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் தாதியரின் எதிர்காலம் பற்றி வெளியிட்ட அறிக்கையும் ரெசிடென்சியைப் பரிந்துரைத்த பின்னர் இது பரவலாயிற்று. முதல் வருடத்திலேயே மனம் உடைந்து வேலையை விட்டுப் போகும் புதியவர்களைத் தக்க வைப்பதுதான் வைத்தியசாலைகளின் நோக்கம். ஒரு தாதியை இழந்து இன்னொருவரைப் பழக்குவது அவர்களுக்குப் பெரிய செலவு. ஆகவே நேர்முகத்தில் அவர்கள் உங்களிடம் தேடுவது திறமையை மட்டுமல்ல, நீங்கள் நிலைத்திருப்பீர்களா என்பதையும்தான்.

கண்டி வேலை பற்றிய உங்கள் கேள்விதான் ஆபத்தானது. நம் ஊர்க் கணக்கில் அனுபவம் கூடக்கூட நல்லது. இங்கே ரெசிடென்சி என்ற வாசல் புதியவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. பட்டம் பெற்று ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று சில இடங்களிலும், பதிவு பெற்ற தாதியாக ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குக் குறைவாகவே வேலை செய்திருக்க வேண்டும் என்று வேறு சில இடங்களிலும் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டு அனுபவத்தையும் அதில் சேர்க்கிறார்களா என்பது வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாறும். விளம்பரத்தில் அது இராவிட்டால், ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதில் தருவார்கள். கேட்காமல் கண்டி வேலைக்குக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

கடிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இரவுப் பணிக்குப் போக வேண்டும்.

பதுளை வீதி

அக்கா சொன்னதற்கு நானே சாட்சி. நான் இலங்கையில் இரண்டு வருடங்கள் அறுவைச் சிகிச்சை வாட்டில் வேலை செய்துவிட்டுத்தான் மனைவியின் விசாவில் இங்கே வந்தேன். ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தபோது, நீங்கள் அனுபவமுள்ளவர், இது உங்களுக்குரியதல்ல என்று இரண்டு நாட்களில் பதில் வந்தது. அனுபவமுள்ளவர்களுக்கான வேலைக்கு விண்ணப்பித்தபோது, அமெரிக்க வைத்தியசாலை அனுபவம் இல்லை என்று பதில் வந்தது. அங்கும் இல்லை, இங்கும் இல்லை என்ற திரிசங்கு நிலை. கடைசியில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் சேர்ந்து, பதினான்கு மாதங்கள் கழித்தே வைத்தியசாலைக்குள் காலடி வைத்தேன். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது முதியவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்துப் பழகியவனுக்கு எந்த வாட்டும் பயமில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன்.

இன்னொன்று. ரெசிடென்சிக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் ஆள் எடுப்பார்கள், அதற்கான விண்ணப்பமும் பல மாதங்களுக்கு முன்பே திறந்து சில வாரங்களில் மூடிவிடும். தாதியாக வேலை செய்வதற்கான அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் ஒரு சுற்று தவறிவிடும். பெரும்பாலான இடங்களில் வேலை தொடங்கும் நாளில் அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், கண்டி

பிள்ளைகள் சொல்வதைக் கவனமாக வாசித்தேன். நான் முப்பத்து மூன்று வருடங்கள் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கருத்து வேறு.

முதல் நியமனத்தில் நான் ஒரு மலையக வைத்தியசாலையின் பெண்கள் வாட்டுக்குப் போனேன். முதல் இரவே என்னைத் தனியாக விட்டார்கள். நள்ளிரவில் ஓர் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ஒட்சிசன் சிலிண்டர் கட்டிலருகில் நின்றது, அதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. வாட்டில் கூட்டித் துடைக்கும் அட்டென்டன் அம்மாதான், மருந்து அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் நூல் கட்டித் தொங்கிய சாவியை எடுத்துத் தந்தார். அந்த வருடம் எனக்குப் பிரிசெப்டர் அவர்தான். அப்படிக் கற்றவை இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நம் வாட்டில் சிறிது காலம் நிற்பது வீண்போகாது. அதோடு, வாட்டில் இருக்கும் தோட்டத்து அம்மாமாருக்குத் தமிழில் கேட்டுப் பதில் சொல்ல ஆள் தேவை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது மனம் நிறைந்தது. கட்டில்கள் கூடும்போது, கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைத் தமிழில் விளங்கப்படுத்தத் தெரிந்த பிள்ளைகளும் கூடத்தான் வேண்டும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை மகள். போகும் பிள்ளையைத் தடுத்து எந்த வாட்டும் நிறைந்ததில்லை.

தலவாக்கலை அக்கா

சிஸ்டர், நீங்கள் சொன்ன சாவிக் கதையை வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தக் கதையையே நான் மறுபக்கமாக வாசிக்கிறேன். அந்த அட்டென்டன் அம்மா அன்று விடுமுறையில் இருந்திருந்தால்? புதியவளைத் தனியாக விடக்கூடாது என்பதற்குத்தானே இந்த ஒரு வருடத் திட்டமே இருக்கிறது. தங்கச்சிக்கு விசா வந்துவிட்டால் அவர் போகத்தான் போகிறார். எப்படியும் போகிறவர் ஆளில்லாத வாசலால் போகாமல் ஆளிருக்கும் வாசலால் போகட்டும் என்பதே என் எண்ணம்.

இனிக் கடிதம். தங்கச்சி, அந்த முதல் வசனத்தை எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? விண்ணப்பங்களை வாசிக்கும் தாதி முகாமையாளருக்கு உங்கள் சேவை மனப்பான்மை பற்றிச் சந்தேகமில்லை, நான்கு வருடம் படித்ததே அதற்குச் சாட்சி. நோயாளியின் நிலை மாறும்போது உங்கள் கண்ணுக்கு அது படுமா, பட்டால் யாரிடம் என்ன சொல்வீர்கள் என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார். பயிற்சிக் காலத்தில் நீங்கள் கவனித்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி இங்கே எழுதுங்கள். பெயரோ ஊரோ வேண்டாம்.

சுயவிபரக் கோவையையும் அடியோடு மாற்றுங்கள். நம் ஊர்ப் பழக்கப்படி தந்தையின் பெயர், பிறந்த திகதி, சமயம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், புகைப்படம், சாதாரண தரத்தில் எடுத்த ஒன்பது பாடங்களின் பெறுபேறு என்று நிரப்பி வைத்திருப்பீர்கள். இவை ஒன்றுமே இங்கே வேண்டாம். பாகுபாடு காட்டியதாகக் குற்றச்சாட்டு வந்துவிடும் என்று அஞ்சி, புகைப்படமுள்ள கோவையை ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. ஒரே பக்கத்தில் பட்டம், எந்தெந்த வாட்டில் எத்தனை மணித்தியாலப் பயிற்சி, மொழிகள், அமெரிக்க இருதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்பு அட்டை ஆகியவை இருந்தால் போதும். அந்த அட்டை இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும், பல இடங்களில் கட்டாயமானது. மொழிகளை வாசிப்பவர் கண்ணில் படும்படி மேலே எழுதுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நோயாளியோடு பேசத் தெரிந்தவர் என்பது சாதாரண விடயமல்ல.

ஓர் எச்சரிக்கை. "ஓர் இரவில் நாற்பது நோயாளரைப் பார்த்தேன்" என்று பெருமையாக எழுதிவிடாதீர்கள். கலிபோர்னியாவில் சாதாரண வாட்டில் ஒரு தாதிக்கு ஐந்து நோயாளருக்கு மேல் கொடுக்கக்கூடாதென்று சட்டமே இருக்கிறது. நாற்பது என்று வாசிப்பவர் உங்களை மெச்சமாட்டார், நம்பவே மாட்டார்.

கொட்டகலை கணக்கு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளும் இதே படிப்பில் மூன்றாம் வருடத்தில் இருக்கிறாள். இதற்கெல்லாம் எவ்வளவு முடியும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதுளை வீதி

ஐயா, வரிசை முக்கியமானது. முதலில் படிப்பைச் சரிபார்க்கும் மதிப்பீடு. சிஜிஎஃப்என்எஸ் என்று நாங்கள் அழைக்கும், இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பாடப் பெறுபேற்று அட்டவணையும், தாதியர் சபையிலிருந்து பதிவு உறுதிப்படுத்தலும் நேரடியாகப் போக வேண்டும். நாங்கள் கையில் வாங்கி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். என் விடயத்தில் எல்லாவற்றையும்விட அதிக காலம் எடுத்தது இதுதான், ஒரு கடிதத்துக்காக மூன்று முறை பஸ் ஏறி அலைந்தேன். அடுத்து நீங்கள் போய் வாழப்போகும் மாநிலத்தின் தாதியர் சபைக்கு விண்ணப்பம். கட்டணமும் ஆங்கிலப் பரீட்சைத் தேவையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அந்தச் சபை தகுதியானவர் என்று ஏற்ற பிறகே, அனுமதிப்பத்திரம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சைக்கு அனுமதி கிடைக்கும்.

பரீட்சைப் பதிவுக் கட்டணம் 200 டொலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலதிகமாக 150 டொலரும் வரியும். நான் சென்னையில் எழுதினேன். 2023 ஏப்ரலிலிருந்து பரீட்சையின் வடிவம் மாறியிருக்கிறது. ஆகக்குறைந்தது 85 கேள்விகள், ஆகக்கூடியது 150, ஐந்து மணித்தியாலம். ஒரே நோயாளியின் கதையைத் தொடர்ந்து கொடுத்து, அடுத்து என்ன செய்வாய், ஏன் என்று கேட்கும் கேள்விகள் புதிதாக வந்திருக்கின்றன. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. மகள் இறுதி வருடத்தில் இருக்கும்போதே இதற்குப் படிக்கத் தொடங்கட்டும், வாட்டில் கண்டது மறப்பதற்குள் எழுதுவதே சுலபம்.

கையெழுத்து வைக்கும் முன் ஒப்பந்தத்தையும் பாருங்கள். சில வைத்தியசாலைகள் ஒன்றிரண்டு வருடங்களுக்குள் விலகினால் பணம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கும்.

பொகவந்தலாவை மழை

எல்லோருக்கும் நன்றி. கண்டி வேலைக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு வைத்தியசாலைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்று வெளிநாட்டு அனுபவத்தையும் கணக்கில் எடுக்கும் என்றது, மற்றது எடுக்காது என்றது.

அக்கா கேட்ட நோயாளி. மூன்றாம் வருடப் பயிற்சியில், கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிய ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வெளிநோயாளர் பிரிவில் ஊசி போட்டு, நிலைமை சீரானதால் அவதானிப்புக்காக எங்கள் வாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பின்னேரம் நான் அவரது தலைமுடியில் சிக்கியிருந்த ஒரு குளவியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, "மிஸ்ஸி, காது அடைக்குது, உள்ளங்கை எல்லாம் அரிக்குது, மனசு என்னமோ பயமா இருக்கு" என்றார். பணியிலிருந்த தாதி உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. அவர் அந்த அம்மா வீட்டு ஞாபகத்தில் பேசுகிறார் என்று நினைத்தார். நான் சுவாச வீதத்தை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன், 28. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அட்டவணையில் 18 என்றிருந்தது. நாடித் துடிப்பு 124, குருதி அமுக்கம் 90க்கு 60. அந்த அம்மா சொன்னதைச் சிங்களத்தில் அப்படியே சொல்லி, எண்களையும் காட்டினேன். வைத்தியர் வந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடச் செய்தார். பத்து நிமிடத்தில் அந்த அம்மா தண்ணீர் கேட்டார்.

இதை எழுதலாமா? நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே.

தலவாக்கலை அக்கா

தங்கச்சி, இதைக் கையில் வைத்துக்கொண்டா சேவை மனப்பான்மை என்று எழுதினீர்கள்?

ஒவ்வாமை அதிர்ச்சி ஒருமுறை அடங்கிய பின், சில மணித்தியாலங்கள் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பது பாடத்தில் படித்தது. அது வருவதை ஒரு நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்து பிடித்து, எண்ணிப் பார்த்து, உரியவரிடம் சொன்னீர்கள். ஊசி போட்டது நீங்கள் இல்லை என்பதை மறைக்கவும் வேண்டாம். மாணவி தன் எல்லையை அறிந்திருந்தாள் என்பதே அவர்களுக்குப் பிடிக்கும். நேர்முகத்தில் "ஒரு நோயாளியின் நிலை மோசமாவதை நீங்கள் கண்டறிந்த ஒரு சந்தர்ப்பம்" என்று அநேகமாகக் கேட்பார்கள். எஸ்பார் என்று இங்கே சொல்லும் ஒழுங்கில், அதாவது நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, நீங்கள் கேட்பது என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். அட்ரினலினை இங்கே எபினெப்ரின் என்பார்கள், பரசிட்டமோலை அசிட்டமினோபென் என்பார்கள், சல்பியூட்டமோலை அல்பியூட்டரோல் என்பார்கள். இந்த மூன்றையும் நாக்குக்குப் பழக்குங்கள். முதல் மாதத்தில் நான் ஒரு மருந்தின் பெயரைக் கேட்டு முழித்ததை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நேர்முகம் பெரும்பாலும் சூம் வழியாகத்தான் நடக்கும். கிழக்குக் கரையில் காலை பத்து மணி என்றால் கோடையில் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அந்த நேரத்து மழையில் பொகவந்தலாவையில் சிக்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று ஹட்டனில் நல்ல இணைப்புள்ள யாராவது வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், கண்டி

மகள், குளவியை எடுத்துப் போட்டதை விட்டுவிடாதே. அதற்காகக் குனிந்ததனால்தானே அந்தப் பேச்சு உன் காதில் விழுந்தது.

நேர்முகத்துக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நம் வாட்டுகளில் விசேட வைத்திய நிபுணர் வலம் வரும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் திட்டு விழும் என்று பயந்து மௌனமாக நிற்கப் பழகிவிட்டோம். நானே அப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன், அது என் பிழை. உனக்குத் தெரியாத ஒரு மருந்தைக் கொடுக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று அவர்கள் கேட்டால், சமாளிக்கப் பார்க்காதே. கையை நிறுத்தி, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுப்பேன் என்று சொல்.

பொகவந்தலாவை மழை

சிஸ்டர், அக்கா, இன்று பல்கலைக்கழகத்தில் பெறுபேற்று அட்டவணைக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். கடிதத்தின் புதிய தொடக்கம் இது:

"தாதியின் முதல் கடமை செவிமடுப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளவி கொட்டி அனுமதிக்கப்பட்ட ஒரு தேயிலைத் தொழிலாளியின் தலைமுடியிலிருந்து இறந்த குளவியொன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, காது அடைக்கிறது, பயமாக இருக்கிறது என்று அவர் என் தாய்மொழியில் சொன்னார். அவரது சுவாச வீதம் 18 இலிருந்து 28 ஆக உயர்ந்திருந்தது."

தலவாக்கலை அக்கா

முதல் வசனத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.